நம் பாட்டிமாரும் ஆய்வு நூல்களும்

ஆய்வு நூல் என்றால் அது பேராசிரியர்களுக்குரியது, நமக்கு அதில் என்ன வேலை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், அவற்றுட் சில நம் குடும்பக் கதையையே பேசுகின்றன.

1969-இல் கெர்னியல் சிங் சந்துவின் 'இந்தியன்ஸ் இன் மலாயா' வெளிவந்தது. மறு ஆண்டு, மலேசிய சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிச் சின்னப்பா அரசரத்தினம் எழுதிய நூல் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்ததையும், கங்காணி முறை ஓங்கியதையும், 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் வருகையைத் தடுத்ததையும் நாம் வரிசைப்படுத்திச் சொல்வதற்கு இத்தகைய நூல்களே அடித்தளம்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, இருள் பிரியுமுன் பால் வெட்டப் போன பெண்கள் அவ்வரலாற்றில் எங்கே?

2021-இல் அருணிமா தத்தா எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்' இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறது. தோட்டப் பெண்கள் துன்பம் அனுபவித்தது உண்மை; அதற்காக அவர்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டிவிடலாகாது என்பது இவர் கருத்து. வாய்ப்புக் கிடைத்தபோது புகார் செய்தார்கள். கொடுமை செய்த கணவனை விட்டு விலகினார்கள். சிலர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். அந்தத் துணிவு சில வேளை நொடிப்பொழுதே நீடித்தாலும், அதுவும் வரலாறே என்கிறார்.

இதற்குச் சான்றுகள் எவை? வழக்குப் பதிவுகள், அரசாங்க அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள் முதலியன. இங்கே நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். அந்தப் பெண் பேசியது தமிழ். ஏட்டில் ஏறியது ஆங்கிலம். இடையில் மொழிபெயர்ப்பாளரும் எழுத்தரும் நின்றார்கள். ஆகவே, எந்த ஆய்வு நூலைக் கையில் எடுத்தாலும், 'இதை யார் சொன்னது, யார் எழுதியது, எதற்காக எழுதியது?' என்று கேட்டுக்கொண்டே படிப்போம். முதலில் முன்னுரை, அடுத்து பொருளடக்கம், பிறகு அடிக்குறிப்புகள் என்று பார்த்தால், கடினமான நூலும் வழிவிடும்.

இத்தகைய நூல்களின் விலை சற்று அதிகம். நூலகத்தில் கேட்டுப் பெறலாம்.

அரசாங்க ஏட்டில் ஏறாத செய்திகள் நம் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. லயத்து வாழ்வை நேரில் கண்டவர்கள் குறைந்து வருகிறார்கள். பாட்டி சொல்வதைப் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றுடன் அவர் பேசும் தமிழிலேயே இன்றே எழுதி வைப்போம். நாளை எழுதப்படும் நூலுக்கு அதுவே சான்றாகும்.