ஹெர்பிஸ் கருவிழி அழற்சியும் கருவிழி மாற்று அறுவையும்

கருவிழிப்படலத்தைத் தாக்கும் தீநுண்மிகளுள் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதன்மையானது. முதல் தொற்றுக்குப்பின் அது முக்கிளை நரம்பின் முடிச்சில் உறங்கிக் கிடந்து, அவ்வப்போது கிளர்ந்தெழுகிறது. தொடர் தாக்குதல்கள் தழும்பையும் புதிய குருதிக்குழாய்களையும் விட்டுச்செல்வதால் பார்வை மங்குகிறது.

கருவிழி மாற்று அறுவை தழும்பை நீக்குமேயன்றி, நரம்பில் உறையும் தீநுண்மியை நீக்காது. எனவே, படலம் துளைபட்ட அவசர நிலை நீங்கலாக, அழற்சி தணிந்த கண்ணிலேயே அறுவை திட்டமிடப்படுகிறது. உட்படலம் நலமாயிருப்பின் முன்னடுக்குகளை மட்டும் மாற்றலாம். இதனால் உட்படல நிராகரிப்பு தவிர்க்கப்படுகிறது.

நிராகரிப்பைத் தடுக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்தே தீநுண்மி பெருகவும் இடந்தரும் என்பது இச்சிகிச்சையின் முரண். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12 மாதங்கள் அசைக்ளோவிர் மாத்திரை உட்கொண்டோரிடம் கண்ணில் மறுதாக்கம் 19 விழுக்காடாகவும், உட்கொள்ளாதோரிடம் 32 விழுக்காடாகவும் இருந்தது. ஆகவே அறுவைக்குப் பின்னரும் இம்மருந்தைத் தொடர்வது ஒட்டின் ஆயுளுக்கு இன்றியமையாததாகிறது.