காலை எடுத்தும் உறுமுகிறதா கார்?

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை காலை நேர ஜி.எஸ்.டி. சாலையில், பத்தடி நகர்ந்தால் ஒரு பிரேக். அந்த நெரிசலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமினால்? முன்னால் நிற்பது ஒரு பைக்காகவும் இருக்கலாம்.

உடனே கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக் பிடித்து ஓரங்கட்டுங்கள். நின்ற பிறகுதான் இன்ஜினை அணைக்க வேண்டும். ஓட்டத்திலேயே சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்!

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ போன்ற பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில், பெடலையும் த்ராட்டிலையும் இணைப்பது வெறும் கேபிள்தான். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது கால்மிதி. சிரிக்க வேண்டாம், மிதியில் பெடல் மாட்டிக்கொள்வதால் டொயோட்டா 2009-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது.

மிதி சரியென்றால், இன்ஜின் அணைந்து ஆறியதும் பானெட்டைத் திறந்து, த்ராட்டில் பாடியிலிருந்து கேபிளைக் கழற்றி, லீவரைக் கையால் திருப்பிப் பாருங்கள். 'டக்'கென்று திரும்பி வந்தால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. பிரி பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல், மாற்றிவிடுவதே நல்லது.

லீவரே சிக்கினால், பெரும்பாலும் கரி. இன்ஜினின் எண்ணெய்ப் புகை தகட்டின் விளிம்பில் பிசினாகப் படிந்திருக்கும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தேய்த்த பிறகும் சிக்கினால் ஸ்பிரிங்கையும் அச்சையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

லீவர் முழுதாக மூடியும் ஆர்.பி.எம். இறங்கவில்லையா? அப்போது ஐடில் வால்விலோ, காற்று கசியும் ரப்பர் குழாயிலோ கோளாறு இருக்கலாம்.