‘இலவசமா இடிச்சுத் தர்றோம்’னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க!

ஸ்ரீபெரும்புதூர்ல வேலை. தாமல்ல தாத்தா கட்டின ஓட்டு வீடு. அதை இடிச்சுட்டு, ஹோம் லோன் போட்டுப் புது வீடு கட்டணும். உங்க கதையும் இதுதானா? அப்போ இடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

வீடு இடிக்கிற கான்ட்ராக்டர் வந்து சுத்திப் பார்ப்பார். "ஒரு பைசா வேணாம் சார், இலவசமா இடிச்சுத் தர்றேன்" என்பார். அவருக்கான கூலி வீட்டுக்குள்ளேயே இருக்கு: தேக்கு நிலை, கதவு, உத்திரம், கடப்பைக் கல், பழைய இரும்பு. அது அவர் தொழில், தப்பில்லை. மதிப்பு தெரியாம நாம கொடுத்துடறதுதான் பிரச்சினை.

1 லட்சம் என்பது 2 லட்சம்

8.5% வட்டியில் 20 வருஷத்துக்கு 1 லட்சம் கடன் வாங்கினா, மாத EMI சுமார் 868 ரூபாய். மொத்தமா கட்டுவது சுமார் 2.08 லட்சம். அதாவது, பழைய மரத்தாலும் கல்லாலும் 1 லட்சம் கடன் குறைஞ்சா, 2 லட்சத்துக்கு மேல மிச்சம்!

பொருளைக் குப்பையாக்காம திரும்பப் பயன்படுத்தும் இந்த முறைக்கு ‘சர்குலர் எகானமி’ன்னு பேர். நமக்கு இது புதுசில்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள்ல பழைய செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் விற்பனைக்கு இருக்கு. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் (1996ல் திறந்தது) ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரிச்சு எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்காங்க.

என்ன செய்யணும்?

1. வீடு நிற்கும்போதே ஆசாரியைக் கூட்டிப் போய் மரத்தைத் தட்டிப் பாருங்க. கரையான் அரிச்சது வேண்டாம். இழைக்கிற கூலி புதுசோட விலையைத் தொட்டா, வித்துடுங்க.

2. எஸ்டிமேட் போடும் முன்னாடியே இன்ஜினியரிடம் லிஸ்டைக் கொடுங்க. கட்டுமானக் கடனை பேங்க் வேலை நடக்க நடக்க, பகுதி பகுதியாத்தான் விடுவிக்கும். வாங்காத தொகைக்கு வட்டி இல்லை.

3. எது உங்களுக்கு, எது கான்ட்ராக்டருக்குன்னு எழுதி வாங்குங்க. ரெண்டு மூணு பேரிடம் விலை கேளுங்க. சிலர் இடிக்கிறதுக்கு நமக்கே பணம் கொடுப்பாங்க.

4. நல்ல செங்கலைக் காம்பவுண்டு சுவருக்கு வைங்க. மரமும் பிளாஸ்டிக்கும் கலக்காத இடிபாடு, இன்ஜினியர் சம்மதிச்சா, பேஸ்மென்ட் நிரப்ப உதவும். மண் லோடு செலவு குறையும்.

இதுல மட்டும் சிக்கனம் வேண்டாம்: பழைய கம்பியை நிமிர்த்தித் தூணுக்கோ தளத்துக்கோ போடாதீங்க. அதை எடைக்குப் போட்டுடுங்க. மிச்சக் கழிவை ரோட்டோரத்திலும் கால்வாயிலும் கொட்டக்கூடாதுன்னு கட்டுமானக் கழிவு விதிகளே சொல்லுது. தாமல் ஏரிக்கரைக்கும் அதே நியாயம்தான்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க. எத்தனை கதவு, எத்தனை உத்திரம், என்ன அளவுன்னு எழுதுங்க. கான்ட்ராக்டருக்கு போன் அதுக்கப்புறம் போடலாம்.