உங்களுக்குத் தெரியுமா? களத்து நெல்லும் யந்திரத்தின் வாடகையும்

கேரளத்துச் சித்தூர்ப் பிரதேசத்து வயல்களில், அறுவடைக் கூலி முற்காலத்தில் பணமாக அன்றி, அறுத்துக் கட்டுச் சுமந்து களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லிலேயே ஒரு பங்காக அளக்கப்பட்டது என்பதும், அப்பங்கை ஈட்டியவர்களில் பெரும்பகுதியினர் ஸ்திரீகளே என்பதும் உங்களுக்குத் தெரியுமா? விளைச்சல் பெருகினால் அவர்கள் வீட்டு நெல்லும் பெருகிற்று. 1974-ஆம் ஆண்டின் கேரள விவசாயத் தொழிலாளர் சட்டம், முந்தைய போகத்தில் அதே நிலத்தில் உழைத்தவர்களுக்கே வேலையில் முன்னுரிமை என்று விதித்ததோடு, அறுவடைக் கூலியைக் களத்திலேயே கொடுக்க வேண்டும் என்றும் நிர்ணயித்தது.

இன்றோ, தமிழ்நாட்டிலிருந்து பருவந்தோறும் வரும் அறுவடை யந்திரம், அறுப்பதையும் அடிப்பதையும் தூற்றுவதையும் வயலின் நடுவிலேயே ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவதால், களம் என்ற ஸ்தானமே அவசியமற்றுப் போய், பலர் பகிர்ந்துகொண்ட நெல் மணிக்கணக்கு வாடகையாக மாறி யந்திரத்தின் சொந்தக்காரரைச் சென்றடைகிறது. யந்திரத்தைப் பழிப்பது நியாயமாகாது. இளைஞர்கள் வேறு தொழில்களை நாடிச் சென்றபின், ஆள் கிடைக்காமல் முற்றிய கதிர் உதிர்வதையும் மழையில் சாய்ந்து முளைப்பதையும் கண்டு கலங்கிய சிறு விவசாயிக்கு அது பேருபகாரமே. ஆயினும், வேறு தொழில் கற்கும் வயதைக் கடந்துவிட்ட, அரிவாளை மட்டுமே அறிந்த ஸ்திரீகளுக்கு அந்த நெல்லுக்கு ஈடாக என்ன கிடைத்தது? 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உரிமை தந்தது. அந்தக் கூலிக்கும் வயலின் விளைச்சலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.