ஆற்றங்கரைக்கு எந்த விளக்கு?

சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடம் சீவலப்பேரி. இதுபோன்ற பழைய ஆற்றங்கரைகளிலும் கோயில் வாசல்களிலும் வெள்ளை எல்இடி ஃபோகஸ் விளக்கு மாட்டுவதுதான் இப்போது வழக்கம். வெளிச்சம் கூடினால் அழகு கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் நேர் எதிரே நின்று பாய்ச்சும் ஒளி, கல்லின் செதுக்கலைத் தட்டையாக்கிவிடும். சுவரை ஒட்டிச் சாய்வாக விழுந்தால்தான் நிழல் பிறந்து சிற்பம் எழுந்து நிற்கும்.

விளக்குப் பெட்டியில் கெல்வின் எண் இருக்கும், பாருங்கள். 3000-க்கு மேல் போகாத மஞ்சள் ஒளியே நல்லது. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பூச்சிகளை அதிகம் இழுக்கும். ஒளி தண்ணீரில் விழாதபடி மறைப்பு போட்டு, தரையைப் பார்க்கத் திருப்புங்கள். பழைய கல்லில் மட்டும் துளை போடவே வேண்டாம். தனிக் கம்பம் போதும். கூட்டம் கலைந்ததும் அணைத்துவிடலாம், கரண்ட் பில்லும் மிச்சம்.