கல்விப் பயணமும் விழாக்காலமும்: அயலகத்தில் தமிழ் மாணவர் கற்கத்தக்கன

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் உயர்கல்வியின்பொருட்டு அயல்நாடு செல்வது இன்று புதுமையன்று. அவ்வாறு சென்றோர் வீட்டிற்கு எழுதும் மடல்களிலும் அனுப்பும் படங்களிலும் பெரிதும் இடம்பெறுவன இரண்டு: கண்ட ஊர்கள், கொண்டாடிய விழாக்கள். விரிவுரை மண்டபமும் நூலகமுமே கல்வி. பயணமும் விழாவும் அக்கல்வியிலிருந்து பெறும் ஓய்வு என்று கருதுவது பொதுவழக்கு. தமிழையும் இந்திய இயலையும் பயில்வோர்க்கு இப்பாகுபாடு பொருந்தாது. பாடநூல்வழி மனனம் செய்தவற்றை நேரிற் சோதித்தறியும் களமாக அவர்க்கு அவை அமைகின்றன. இக்கருத்தை, நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தங்கியிருந்த பிரிட்டனைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

விழாவைத் தாங்குவன மூன்று

ஒரு விழா பருவம், சுற்றம், விடுமுறை ஆகிய மூன்றன்மீது நிலைபெறுகின்றது. தமிழகத்தில் பொங்கலுக்கு இம்மூன்றும் உண்டு. சம்பா நெல் அறுவடையாகும் காலம் அது, உறவினர் ஒன்றுகூடுவர், அரசு விடுமுறையும் உண்டு. மலேசியாவில் நிலை வேறு. தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் பால்மரம் சீவினரேயன்றி நெல்லறுக்கவில்லை. தை முதல் நாள் அவர்தம் தொழிலோடு தொடர்புற்ற நாளன்று. அந்நாள் பொது விடுமுறையுமன்று. ஆகவே, மூன்றனுள் சுற்றம் ஒன்றே இங்குப் பொங்கலைத் தாங்கி நின்றது. தீபாவளிக்குச் சரவாக் நீங்கலாக நாடெங்கும் விடுமுறை உண்டு. திறந்த இல்ல உபசரிப்பால் அண்டை இனத்தாரும் சுற்றமாகின்றனர்.

அயலகம் செல்லும் மாணவர்க்கு எஞ்சியிருந்த சுற்றமும் இல்லாமற் போகின்றது. விடுதி அறையில் அகல்விளக்கு ஏற்ற விதி இடந்தருவதில்லை. மின்கல விளக்கே துணை. பொதுச் சமையலறையின் மின்னடுப்பில் பொங்கலிட வேண்டும்; ஆவி மிகுந்தால் புகையுணர் கருவி ஒலிக்குமோ என்ற அச்சம் வேறு. வார நாளில் வகுப்பிருக்குமாதலின் மாணவர் சங்கம் விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றுகின்றது. 'தை முதல் நாளன்றிச் சனிக்கிழமையில் இடுவது பொங்கலாகுமா?' என்ற வினா அவ்வேளையில் தவறாது எழும். ஊரில் இருந்தவரை எவரும் கேளாத வினா அது. ஒரு விழாவில் மாற்றத்தக்கது எது, மாற்றத்தகாதது எது என்று ஆராயும் கட்டாயம் அங்கேதான் ஏற்படுகின்றது. இது நாட்டார் வழக்காற்றியலின் அடிப்படை வினா என்பதை மாணவர் உணர்ந்தால் நலம்.

திரும்பக் கிடைக்கும் பருவம்

சுற்றத்தையும் விடுமுறையையும் இழந்த மாணவர்க்கு எதிர்பாராத ஒன்று கிடைக்கின்றது. அதுவே பருவம்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்துள்ளது. அங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 22 நிமிட அளவே. ஏறத்தாழ 10 பாகையில் அமைந்த மதுரையில் அவ்வேறுபாடு 1 மணி நேரத்திற்குச் சற்று மேற்படும். இலண்டனிலோ டிசம்பர்ப் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஜூன்ப் பகல் பதினாறரை மணி நேரத்திற்கும் மேல். கதிரவன் தென்திசை சென்று வடதிசை மீள்வதாகிய உத்தராயணம், மலேசிய மாணவர்க்குப் பஞ்சாங்கத்தில் அச்சிடப்பட்ட ஒரு சொல் மட்டுமே. நாள்தோறும் ஏழேகால் மணியளவில் உதித்து அவ்வாறே மறையும் ஞாயிற்றை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டிய தேவை நமக்கு ஏற்பட்டதில்லை.

பிரிட்டனின் குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கு முன்னரே இருள் சூழ்ந்துவிடுகின்றது. டிசம்பர் 21 அல்லது 22இல் பகல் மிகக் குறுகுகின்றது. அதன்பின் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நீள்கின்றது. ஆயின் முதற் சில நாள்களில் அவ்வளர்ச்சி கண்ணுக்குப் புலனாவதில்லை. ஜனவரி 14 அளவில் இலண்டனின் பகல் ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்டிருக்கும். கதிரவன் மீள்கிறான் என்பதைச் சாதாரண மனிதரும் ஐயமின்றி உணரத் தொடங்கும் நாள்களும் தைப்பொங்கலும் அங்கு ஒருங்கே அமைகின்றன.

இங்கு ஒரு விளக்கம் தேவை. வான்கணக்கின்படி வடசெலவு டிசம்பரிலேயே தொடங்கிவிட, நாம் தை முதல் நாளைக் கொண்டாடுவது ஏன்? விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நம் நாள்காட்டி, புவி அச்சின் மெல்லிய சுழற்சியால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து விலகி வருகின்றது. முற்காலத்தில் ஒன்றியிருந்த இரு நாள்களும் இன்று மூன்று வாரங்களுக்கு மேல் பிரிந்துள்ளன. இதனைக் கரும்பலகையில் விளக்குவது கடினம். வடபுலக் குளிரில் ஒரு டிசம்பரையும் ஒரு ஜனவரியையும் கழித்தவர்க்கோ விளக்கவே வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் புத்தாண்டு விழாவும் இத்தகையதே. நள்ளிரவுக்குப்பின் இல்லத்தில் முதற் காலடி வைப்பவர் கருமுடி கொண்ட ஆடவராயின் அவ்வாண்டு நலம் பயக்கும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவர் கையில் நிலக்கரித் துண்டொன்றைக் கொண்டுவருதல் மரபு. அவ்வீட்டின் அடுப்பு ஆண்டு முழுவதும் அணையாதிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். முதற் காலடியிலும் முதற் காட்சியிலும் நாமும் நம்பிக்கை வைத்துள்ளோம். கருமுடி கொண்ட தமிழ் மாணவர் அங்கு விரும்பி அழைக்கப்படுவதில் வியப்பில்லை.

'நம் முறை' என்பது ஒரு முறையே

மலேசிய இந்தியருள் தமிழரே பெரும்பான்மையினராதலின் தமிழர் கொண்டாடும் முறையே தீபாவளியின் ஒரே முறை என்று நம் மாணவர் எண்ணி வளர்கின்றனர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குச் செல்வோர்க்கு அவ்வெண்ணம் மாறும். பெல்கிரேவ் சாலை விளக்கணி பூண்டிருக்க, குசராத்தியர் திரண்டு கொண்டாடும் விழா அது. அவருள் பலர் 1972இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வழியினர். வைகறை எண்ணெய்க் குளியலும் நரகாசுரன் கதையும் அங்கு முதன்மை பெறுவதில்லை. மாலை விளக்கும் திருமகள் வழிபாடும் வணிகக் கணக்கேட்டுப் பூசையும் சிறக்கின்றன. மறுநாள் அவர்க்குப் புத்தாண்டு. சமணர்க்கு அந்நாள் மகாவீரர் வீடுபேறடைந்த நாள். ஒரே பெயரின்கீழ்ப் பல விழாக்கள் வாழ்கின்றன என்பதை ஒரு மாலைப் பொழுது உணர்த்திவிடுகின்றது.

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழா வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. இலங்கையிலிருந்து அடைக்கலம் நாடிவந்த தமிழர் எழுப்பிய அவ்வாலயம் 2002இல் குடமுழுக்குக் கண்டது. தொழிற்பேட்டையொன்றில் கோபுரம் உயர்ந்து நிற்கின்றது. தேர் ஞாயிற்றுக்கிழமையில் ஓடுகின்றது. அருகிலுள்ள கால்வாயே தீர்த்தமாகின்றது. பாரிசு மாணிக்க விநாயகர் தேரும் அவ்வாறே ஞாயிற்றுக்கிழமையில் வீதியுலா வருகின்றது. பத்துமலையில் 1890களின் தொடக்கத்தில் நம் முன்னோர் தைப்பூசத்தைத் தொடங்கியதை நாம் வரலாறாகப் படித்தோம். புலம்பெயர்ந்த மக்கள் கிடைத்த நிலத்தையும் கிடைத்த நீரையும் கிடைத்த நாளையும் கொண்டு தெய்வத்தை நிலைநிறுத்தும் அச்செயலை ஐரோப்பாவில் நம் காலத்திலேயே காணலாம். நம் முன்னோர் வரலாற்றை அறிய அயலார் ஊர் துணைபுரிகின்றது.

கல்லறை உரைக்கும் உண்மை

தமிழ் மாணவர் பலர் ஆக்சுபோர்டுக்குச் செல்வதன் நோக்கம் ஜி. யு. போப்பின் கல்லறையைக் காண்பதாகும். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அப்பெரியார் 1908இல் மறைந்து, அந்நகரின் புனித செபல்கர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டு வருகின்றது.

நேரிற் காண்போர் அக்கல்லில் அத்தொடரைக் காண்பதில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தமையும், கீழைத்தேய இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் ஆற்றிய வாழ்நாள் உழைப்பும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இணைந்து அக்கல்லை நிறுவியதாகவும் அதிலுள்ளது. இவ்வுண்மை கதையினும் குறைந்ததன்று. கடல் கடந்த ஓர் ஆசிரியர்க்கு அவர் மறைந்த பின்னும் தமிழர் நன்றி பாராட்டினர் என்பதற்கு அக்கல்லே சான்று. சான்றுள்ள பெருமை இருக்கச் சான்றற்ற பெருமை நமக்கு எதற்கு?

ஓர் எச்சரிக்கை

பயணத்தால் பெற்ற அறிவைப் பழைய இலக்கியத்தின்மீது அப்படியே ஏற்றுதல் தகாது. இதற்குப் 'பனி' என்ற சொல் தக்க சான்று. வடபுலத்தில் வெண்பனிப் பொழிவைக் கண்டு திரும்பும் மாணவர், முன்பனி, பின்பனி என்னும் பெரும்பொழுதுகளை அக்காட்சியோடு இணைக்க முற்படுவர். இலக்கணம் கூறும் பனி, மார்கழி முதல் பங்குனி வரையுள்ள நான்கு மாதங்களில் தமிழ்நிலத்தில் இறங்கும் குளிர்ந்த நீர்த்துளியேயாகும். முன்பனியில் அது முன்னிரவிலும் பின்பனியில் பின்னிரவிலும் மிகும்.

மறுபுறம், சில இடங்களில் அயலக அனுபவம் உண்மையாகவே துணைசெய்யும். நெடுநல்வாடை காட்டும் கூதிர்ப்பருவத்தில் வானம் மூடியிருப்பதால் மாலை வந்ததைப் பெண்டிர் மலரின் அரும்பு அவிழ்வதைக் கொண்டே அறிகின்றனர். புறாக்களும் இரவு பகல் அறியாது மயங்குகின்றன. இலண்டனின் நவம்பர்ப் பிற்பகலில் வாழ்ந்தவர்க்கு இது மிகைக்கூற்றாகத் தோன்றாது. எது ஒப்புமை, எது மயக்கம் என்று பிரித்தறிதலே கற்றோர் கடமை.

ஆசிரியர்க்குச் சில

மாணவர் அனைவரும் அயலகம் செல்ல இயலாது, செல்ல வேண்டுவதுமில்லை. இவ்வறிவை வகுப்பறைக்குக் கொணர வழிகள் உண்டு.

முதலாவதாக, அயலகத்திலிருந்து மீளும் மாணவரிடம் 'எங்கெங்குச் சென்றீர்?' என்று வினவுவதோடு நில்லாமல், 'பாடநூலில் கற்ற எதனை வேறாகக் கண்டீர்?' என்று கேட்டு எழுதச் செய்யலாம். அவ்வாறு எழுதப்படுவனவே பயண இலக்கியமாக வளரும்.

இரண்டாவதாக, பெரும்பொழுதைக் கற்பிக்கும்போது நம் நிலத்தின் பருவத்திலிருந்து தொடங்கலாம். ஆண்டிறுதியில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் பெருகச் செய்யும் வடகிழக்குப் பருவக்காற்றே தமிழகத்திற்கும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருகின்றது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பால்மரங்கள் இலையுதிர்க்க, பால் குறையும் காலத்தை நம் பாட்டன்மார் நன்கறிவர். நமக்குப் பருவமில்லை என்பது உண்மையன்று. அதற்கு நாம் இன்னும் பெயரிட்டுக் கற்பிக்கவில்லை என்பதே உண்மை.

மூன்றாவதாக, பனி என்ற சொல்லுக்கு வெண்பனி மூடிய மலைப்படத்தைக் காட்டும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும்.

முடிவுரை

பருவமும் விடுமுறையும் இன்றிச் சுற்றத்தின் துணையால் மட்டும் பொங்கலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்தவர் நம் முன்னோர். அவர் காத்ததன் பொருளை முழுமையாக உணர அயலகக் குளிர்காலம் சிலர்க்கு வாய்ப்பளிக்கின்றது. அவ்வாய்ப்பைப் பெற்றோர் தாம் கண்டதைச் சான்றோடு கொணர்ந்து, வாய்ப்புப் பெறாதார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அப்பொழுதே அவர்தம் பயணமும் விழாவும் கல்வியெனத் தகும்.