பதினாறு நாட்களில் மூன்று நாடுகள்



கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். டிசம்பர் விடுமுறையில் 16 நாட்களுக்குள் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியத்நாம் ஆகிய 5 நாடுகளையும் கண்டு வருவதாகத் திட்டம். இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதற்குரியது. இரண்டு நாடுகளை அடித்துவிடுமாறு சொன்னேன். அவர் முகம் வாடிற்று.

ஒரு நாட்டைவிட்டு மற்றொரு நாட்டிற்குள் புகுவது ஒன்றிரண்டு மணி நேர விமானப் பயணம் மட்டும் அன்று. விடுதியைக் காலி செய்தல், விமான நிலையத்தில் காத்திருத்தல், குடிவரவுச் சோதனை, நாணயமாற்று, புதிய ஊரில் இடம் தேடுதல் என்று ஒரு பகலையே அது விழுங்கிவிடும். 5 நாடுகள் எனில், போவதும் மாறுவதும் திரும்புவதுமாக 6 நாட்கள் கழியும். எஞ்சிய 10 நாட்களில் நாட்டுக்கு இரண்டே நாள்! 3 நாடுகள் எனில் 4 நாட்களே கழியும். நாட்டுக்கு 4 நாட்கள் கிடைக்கும். கடவுச்சீட்டில் முத்திரை சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் அது வேறு.

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மவர் வாழும் நாடுகள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரே விமானங்கள் உண்டு. பிறிதொரு முறை செல்லலாம். ஏனைய மூன்றும் அடுத்தடுத்து அமைந்தவை. பாங்காக்கில் நுழைந்து ஹனாயிலிருந்து திரும்புமாறு சீட்டு வாங்கினால், சென்ற வழியே மீள வேண்டியதில்லை.

அடுத்து, மழையைக் கருத வேண்டும். டிசம்பரில் பாங்காக்கும் கம்போடியாவும் வறண்டு இனிதாக இருக்கும். நடு வியத்நாமின் ஹுவே நகரத்திலோ, வடகிழக்குக் காற்று கடல்நீரை முகந்து வந்து மலையில் மோதுவதால், நம் சோழமண்டலக் கரையைப் போலவே ஆண்டின் இறுதி மாதங்களில் அடைமழை பொழியும். ஆதலின் ஹுவேயை விட்டோம். அதனோடு சைகோன்–ஹனாய் இருப்புப்பாதையும் போயிற்று. 1936-இல் முடிந்து, 1954-இல் நாடு பிரிந்தபோது துண்டுபட்டு, 1976-இல் மீண்டும் இணைந்த 1,726 கிலோமீட்டர்ப் பாதை அது. 30 மணி நேரத்திற்கு மேல் ஓடும் அந்த வண்டியில் ஏற எனக்கும் ஆசைதான். ஆனால், கையிலிருப்பவை 4 நாட்களே.

கம்போடியாவில் மட்டும் நாட்களைக் குறைக்க நான் இசையவில்லை. அங்கோர்வாட் மேற்கு நோக்கிய கோயில்; அதன் முகப்பைப் பிற்பகல் வெயிலில் காண வேண்டும். திருப்பாற்கடல் கடையும் சிற்பமோ கீழைத் திருச்சுற்றில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்கு விரிகிறது. அதற்குக் காலை ஒளியே ஏற்றது. இலங்கைப் போரைக் காட்டும் சுவர் வேறு இருக்கிறது. இராமகதை கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே வழிகாட்டி அதிகம் தேவைப்படாது. நுழைவுச்சீட்டு 1, 3, 7 நாட்களுக்கென மூவகைப்படும். 3 நாள் சீட்டைத் தொடர்ந்துதான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. 10 நாட்களுக்குள் விரும்பிய மூன்று நாட்களில் செல்லலாம்.

பாங்காக்கிலிருந்து அங்கே பேருந்தில் போவதாக மாணவர் எழுதியிருந்தார். பழைய நூல்களெல்லாம் அவ்வழியையே கூறும். ஆயின் 2025-இல் அவ்விரு நாடுகளுக்கும் எல்லைப் போர் மூண்டு, தரைவழிகள் அடைக்கப்பட்டன. ஆகவே விமானத்தையே குறித்தோம். அங்கும் ஒரு நுட்பம் உண்டு: 2023-இல் திறக்கப்பெற்ற சியாம் ரீப் விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரவில் சென்று இறங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடவுச்சீட்டு, திரும்பிய பின்னும் 6 மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாவதாக இருத்தல் நலம். வியத்நாம் அனுமதிக்கு விண்ணப்பிக்குமுன் எந்த ஊர் வழியாக நுழைவது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் அதனைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இறுதியாக, வியத்நாமுக்குரிய 4 நாட்களுள் கடைசி நாளை ஹனாயில் எவ்வேலையும் குறியாமல் விட்டுவைத்தோம். “அன்று என்ன செய்வது?” என்று மாணவர் கேட்டார். கம்போடியாவில் விமானம் ஒரு நாள் தாமதித்தாலும் ஊர் திரும்பும் சீட்டு வீணாகாது என்றேன். தாமதம் நேராவிட்டால் ஏரிக்கரையில் அமர்ந்து காப்பி அருந்தலாம்.